பிரிசில்லா அம்மையாரின் பூனை



ஒரு வகுப்பறையில் எழுந்த சிரிப்பைப் பற்றி இன்று பேசக் கருதியுள்ளேன். அச்சிரிப்பு எழுந்தது 1898ஆம் ஆண்டளவில். இடம், தென் இலண்டனிலே கென்னிங்ரன் என்னும் ஏழைப் பகுதியில் அமைந்த ஒரு பள்ளிக்கூடம். சிரிக்க வைத்தவன் ஏறத்தாழ ஒன்பது வயதுச் சிறுவன். வறுமையினாலே மெலிந்தவன், கூச்சம் மிகுந்தவன், வகுப்பிலே அவன் இருக்கின்றானா இல்லையா என்று எவரும் தேடிப் பார்த்ததில்லை. அவன் பெயர் சார்ளி சப்ளின்.

சப்ளினை அறியாதார் இல்லை. வட்டத் தொப்பியும் கைப்பிரம்பும் பெரிய சப்பாத்துமாக 1914ஆம் ஆண்டிலே திரையில் தோன்றிய அந்த நாடோடி உருவத்தை, மொழி அறியாத குழந்தையும் கண்டு சிரிக்கும். ஆனால் உலகம் சிரிப்பதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு வகுப்பு சிரித்துவிட்டது என்பதும், அந்த முதற் சிரிப்பின் இன்பத்தை அவர் முதுமையிலும் மறந்தாரல்லர் என்பதும் பலர் அறியாத செய்திகள். 1964ஆம் ஆண்டிலே, தமது எழுபத்தைந்தாம் வயதில், அவர் வெளியிட்ட தன்வரலாற்று நூலிலே அந்நாளைப் பற்றி எழுதியிருக்கின்றார். மாதக் கணக்கை நுணுகி ஆராய்ந்தால் அவர் கூற்றுச் சில இடங்களில் இடறுகின்றது. அதனாற் குற்றமில்லை. நம்மில் யாருக்குத்தான் பள்ளிப்பருவம் நாட்குறிப்பு வரிசையில் நினைவிருக்கின்றது?

அக்காலத்துப் பள்ளிக்கூடம் எத்தகையது என்பதை முதலிற் சிறிது சொல்லவேண்டும். இங்கிலாந்திலே 1870ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் ஊர்தோறும் கல்விச் சபைகள் தோன்றின. 1880இல் வரவு கட்டாயமாயிற்று. 1891இல் ஆரம்பப் பள்ளிகளிற் பெரும்பாலானவற்றிலே கட்டணம் ஒழிந்தது. ஏழைப் பிள்ளைகள் திரள்திரளாக வந்து சேர்ந்தனர். ஓர் ஆசிரியர் முன்னே அறுபது பிள்ளைகள் அமர்ந்திருப்பது இயல்பான காட்சி. இவற்றுக்கெல்லாம் மேலாக, 1862ஆம் ஆண்டில் வகுத்த ஒரு விதி நெடுங்காலம் அப்பள்ளிகளை ஆட்டிவைத்தது. பெறுபேற்றுக்கேற்ற நன்கொடை என்பது அதன் கருத்து. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு சிலிங். அதில் நான்கு சிலிங் வரவுக்கு. எஞ்சிய எட்டுச் சிலிங் வாசிப்பு, எழுத்து, கணக்கு என்னும் மூன்றுக்கும். வித்தியாதரிசி வந்து பரீட்சிக்கும் நாளிலே பிள்ளை ஒரு பாடத்தில் தவறினால் இரண்டு சிலிங் எட்டுப் பென்ஸ் குறையும்.

இம்முறையின் கீழ் ஆசிரியருக்குப் பிள்ளை எவ்வாறு தோன்றும் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். கவிஞரும் வித்தியாதரிசியுமாய் விளங்கிய மத்தியூ ஆர்னல்ட் இதனைக் கடுமையாகக் கண்டித்தார். கண்டித்தும் பயன் விரைவில் விளையவில்லை. 1890களின் பிற்பகுதியிலேதான் அம்முறை அங்கே முற்றாக நீங்கியது. நம் நாட்டுக்கும் அது கப்பலேறி வந்தது. 1869ஆம் ஆண்டிலே பொதுப் போதனைப் பகுதி நிறுவப்பெற்றதைத் தொடர்ந்து, இலங்கைப் பள்ளிகளும் பெறுபேற்றைக் காட்டி நன்கொடை பெறலாயின. வித்தியாதரிசி வரும் நாளிலே நம் முன்னோர் அடைந்த நடுக்கம், பாட்டன்மார் வாய்மொழியாக என் தலைமுறை வரைக்கும் வந்திருக்கின்றது. அத்தகைய பள்ளியிலே சிரிப்புக்கு இடமேது? சிரிப்பு வித்தியாதரிசி பரீட்சிக்கும் பாடமன்று. அதற்குச் சிலிங்கும் இல்லை.

சார்ள்ஸ் டிக்கின்ஸ் 1854ஆம் ஆண்டிலே வெளியிட்ட ‘கடினமான காலங்கள்’ என்னும் நாவலின் தொடக்கமே ஒரு வகுப்பறை. குதிரைகளுடன் வளர்ந்த வித்தைக்கூடத்துப் பெண்பிள்ளை ஒருத்தி, குதிரை என்பதற்கு வரைவிலக்கணம் சொல்ல அறியாது விழிக்கின்றாள். குதிரையைத் தொட்டறியாத பையன் ஒருவன் பல்லின் தொகை முதலாக ஒப்புவித்துப் பாராட்டுப் பெறுகின்றான். கூத்தர் குடும்பத்துப் பிள்ளைக்கும் பாடசாலைக்கும் இருந்த தூரத்தை டிக்கின்ஸ் நன்கு அறிந்திருந்தார்.

சப்ளினும் கூத்தர் குடும்பத்துப் பிள்ளையே. தாயும் தந்தையும் இசைமண்டப மேடைகளிற் பாடுவோர். தந்தை குடிப்பழக்கத்திற் சிக்கிக் குடும்பத்தைப் பிரிந்தார். தாய் ஹன்னாவின் குரல் நாளடைவிலே கெட்டது. 1894ஆம் ஆண்டிலே, அல்டர்ஷொட் என்னும் படைவீரர் நகரத்து மேடையொன்றிற் பாடிக்கொண்டிருந்தபோது, அவர் குரல் உடைந்து அடங்கிப்போயிற்று. கூச்சலும் ஏளனமும் எழுந்தன. மேடை அதிகாரி செய்வதறியாது, திரைமறைவில் நின்ற ஐந்து வயது மகனைக் கையைப் பற்றி அழைத்து வந்து மேடையில் விட்டார். பிள்ளை பாடினான். காசுகள் வந்து விழுந்தன. அவன் பாட்டை நிறுத்தி, “முதலிற் காசைப் பொறுக்கிக்கொண்டு பின்னர் பாடுவேன்” என்ற கருத்திற் சொல்ல, சபை சிரித்தது. மேடை அதிகாரி கைக்குட்டையுடன் வந்து பொறுக்க உதவினார். அவர் எடுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்று அஞ்சிய பிள்ளை, காசு தாயின் கையிற் சேரும் வரைக்கும் அவர் பின்னாலே ஓடினான். சபை மேலும் சிரித்தது. பின்னர் தாயின் பாட்டையே பாடி, தாயின் குரல் உடைந்த வண்ணத்தையும் அப்படியே ஒலித்துக் காட்டினான். அதற்கும் பெருஞ்சிரிப்பு.

நகை தோன்றும் நிலைக்களன் நான்கு என்றார் தொல்காப்பியர். அவற்றுள் எள்ளலும் ஒன்று, இளமையும் ஒன்று. அல்டர்ஷொட் மேடையில் அவ்விரண்டும் ஒருங்கே நின்றன. பிள்ளைக்கு அது இளமை. தாயின் உடைந்த குரலைக் கேட்டுச் சிரித்த சபைக்கு அது எள்ளல். பிள்ளை அதனை அறியவில்லை. தாய்க்கு அதுவே கடைசி மேடை. அந்தச் சிரிப்பிலே இன்பம் என்று ஒன்று அச்சிறுவனுக்கு இருந்திருக்கலாம். ஆனால் தான் செய்வது இன்னதென அறிந்து பெற்ற இன்பமன்று அது.

1896ஆம் ஆண்டிலே குடும்பம் ஏழைகள் வேலைவிடுதியை அடைந்தது. அங்கிருந்து சார்ளியும் அவன் தமையனும், இலண்டனுக்கு வெளியே ஹன்வெல் என்னுமிடத்திலிருந்த அநாதைப் பிள்ளைகளுக்கும் ஆதரவற்றோருக்குமுரிய பள்ளிக்கு அனுப்பப்பட்டனர். ஒன்றரை ஆண்டு அங்கே கழிந்தது. தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டது அங்கேதான். அந்த எழுத்துக்களின் தோற்றம் தன் முகத்தைப் போலவே இருக்கின்றது என்று அவனுக்குப்பட்டதாம். தண்டனையைக் கண்டு கற்றதும் அங்கேதான். வியாழக்கிழமையிலே எக்காளம் ஒலிக்கும். விளையாடும் பிள்ளைகள் யாவரும் நின்ற நிலையிலே சிலைபோல் நிற்றல் வேண்டும். மறுநாள் தண்டிக்கப்படுவோர் பெயர்கள் அப்போது உரத்துக் கூறப்படும். வெள்ளிக்கிழமையன்று பிள்ளைகள் யாவரும் அணிவகுத்துப் பார்த்து நிற்கப் பிரம்படி. பெருங் குற்றமெனின் மிலாற்றுக் கட்டால் அடி. செய்யாத குற்றத்துக்காகச் சார்ளி ஒருமுறை அழைக்கப்பட்டான். குற்றவாளியா அல்லவா என்று வினவியபோது அச்சத்தினால் ஆம் என்று சொல்லி, மூன்று அடி வாங்கினான். அப்பொழுது அவனுக்கு வயது ஏழு.

பள்ளிக்கூடம் என்றால் இதுதான் என்று கண்ட பிள்ளை, பின்னர் தாயுடன் சேர்ந்து கென்னிங்ரனிலே ஓர் ஒண்டு அறையிற் குடியிருந்தான். ஒரு பக்கம் ஊறுகாய்த் தொழிற்சாலை. தெருவின் கோடியிலே ஆடு மாடு வெட்டும் மடுவம். ஒருநாள் அங்கிருந்து ஓர் ஆடு தப்பித் தெருவிலே ஓடியது. அதைப் பிடிக்கப் பாய்ந்தவர்கள் இடறி விழுந்தனர், பார்த்தவர்கள் சிரித்தனர், சார்ளியும் துள்ளிச் சிரித்தான். ஆட்டைப் பிடித்து மீண்டும் மடுவத்துக்குக் கொண்டு சென்றபோதுதான் அதற்கு நேரப்போவது இன்னதென அவன் உள்ளத்திலே தைத்தது. “அதைக் கொல்லப் போகிறார்கள்” என்று அழுதுகொண்டு தாயிடம் ஓடினான். தம் படங்களில் நகையும் அவலமும் கலந்து நிற்பதற்கு இந்நிகழ்ச்சியே வித்தோ என்று பிற்காலத்தில் அவரே வினவிக்கொள்கின்றார்.

நத்தார் காலம் வந்தது. பள்ளியிலே சிந்தரெல்லா கதையை இசைநாடகமாக நடித்தனர். தனக்கு ஒரு வேடம் கிடைக்கும் என்று சார்ளி ஏங்கினான், கிடைக்கவில்லை. கூத்தாடியின் மகன் சபையில் இருந்து பார்த்தான். சிந்தரெல்லாவின் அவலட்சணமான சகோதரிகளாக நடித்த பையன்கள், பாடம் ஒப்புவிப்பவர்போல் வசனத்தைச் சொல்லிச் செல்வதைக் காணக் காண அவனுக்குப் பொறுக்கவில்லை. தன் தாய் சொல்லித் தந்தால் அந்தச் சகோதரிகளில் ஒருத்தியாகத் தான் எப்படி நடித்திருப்பான் என்று எண்ணி எண்ணி வெந்தான். சிந்தரெல்லாவாக நடித்த பெண்பிள்ளை மீது அவனுக்கு அந்தரங்கமாக ஒரு காதலும் இருந்ததாம்! அவளுக்கு வயது பதினான்கு, எட்டாத உயரம்.

இதற்குப் பின்னரே நாம் எடுத்துக்கொண்ட நாள் வருகின்றது. பத்திரிகைக் கடையொன்றின் கண்ணாடியில் ஒட்டியிருந்த விகடப் பாட்டொன்றைத் தாய் ஹன்னா கண்டார். கையிலே காசில்லை, ஆயினும் அதன் நகைச்சுவையை விட்டுவர மனமில்லை. நின்ற இடத்திலேயே படியெடுத்துக்கொண்டு வீடு வந்தார். ‘பிரிசில்லா அம்மையாரின் பூனை’ என்பது அதன் பெயர். வறுமையிலே வாடிய ஒரு தாய் அன்று பிள்ளைக்குக் கொண்டுவந்த பண்டம் அது.

பள்ளியிலே பாட இடைவேளையில், சார்ளி அதனைப் பக்கத்துப் பையன் ஒருவனுக்குப் பாவனையுடன் சொல்லிக் காட்டினான். றீட் என்னும் ஆசிரியர் தம் மேசையிலே ஏதோ வேலையாய் இருந்தவர், தலைநிமிர்ந்து பார்த்தார்.

நேயர்களே, இந்த இடத்தில் நான் சிறிது நிற்க விரும்புகின்றேன். தலைநிமிர்ந்து பார்க்கும் ஆசிரியர் முன்னே பல வழிகள் உள்ளன. “என்ன சத்தம்?” என்று அதட்டலாம். எழுந்து நிற்கச் சொல்லலாம். பிரம்பை எடுக்கலாம். அக்காலத்திலே அது எவருக்கும் வியப்பாகத் தோன்றியிராது. றீட் கேட்டார், சிரித்தார், வகுப்புக் கூடியதும் அந்தப் பையனை அழைத்து யாவருக்கும் சொல்லிக்காட்டும்படி பணித்தார். வகுப்பு சிரித்துப் புரண்டது. அதனோடு முடியவில்லை. மறுநாள் அச்சிறுவன் பள்ளியின் எல்லா வகுப்புகளுக்கும், ஆண் பிள்ளைகள் பகுதிக்கும் பெண் பிள்ளைகள் பகுதிக்குமாக, அழைத்துச் செல்லப்பட்டான். ஒவ்வொரு வகுப்பிலும் பூனை அரங்கேறியது.

நான் செய்தது வேறு. 1996ஆம் ஆண்டிலே, இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்திருந்த பள்ளிக்கூடமொன்றில் இளம் ஆசிரியனாக மர நிழலிலே வரலாறு படிப்பித்துக்கொண்டிருந்தேன். வானத்தில் விமானச் சத்தம் கேட்டால், சொல்லிக்கொண்டிருந்த சொல்லைப் பாதியிலே நிறுத்தி அண்ணாந்து பார்ப்பேன். சத்தம் தேய்ந்ததும் விட்ட சொல்லின் மற்றப் பாதியைச் சொல்லித் தொடர்வேன். என்னிடம் இப்பழக்கம் இருப்பதே எனக்குத் தெரியாது. ஒருநாள் நான் சற்று அப்பாற் சென்று திரும்புகையிலே, ஒரு பையன் எழுந்து நின்று அதனை அப்படியே செய்துகாட்டிக்கொண்டிருந்தான். பாதிச் சொல், அண்ணாந்த முகம், மறுபாதிச் சொல். பசியோடு வந்திருந்த பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் அவனை வெயிலிலே நிறுத்தினேன். பாடத்தைக் குழப்பினான் என்று காரணம் சொன்னேன். என் அச்சத்தை அவன் எல்லாருக்கும் காட்டிவிட்டான் என்பதே உண்மைக் காரணம். அவர்கள் என்னை எள்ளிச் சிரிக்கவில்லை. தங்கள் அச்சத்தையுந்தான் அதிலே கண்டு சிரித்தார்கள் என்பது விளங்கப் பல ஆண்டுகள் சென்றன. அந்தக் குடும்பம் சில வாரங்களில் வேறிடம் பெயர்ந்தது. அவன் அதன்பின் என் வகுப்பில் எவரையும் சிரிக்க வைக்கவில்லை.

கென்னிங்ரனுக்குத் திரும்புவோம். அன்று பெற்ற இன்பத்தின் தன்மையைச் சப்ளின் பிரித்துச் சொல்லுகின்றார். ஐந்து வயதிலே மேடை ஏறியிருந்தும், தான் செய்வது இன்னதென உணர்ந்து புகழின் சுவையை அறிந்தது இவ்வகுப்பறையிலேதான் என்கின்றார். பள்ளி திடீரென்று உயிர்பெற்றது. ஒதுங்கிக் கிடந்த பையனை ஆசிரியரும் பிள்ளைகளும் நாடி வந்தனர். படிப்பிலும் முன்னேற்றம் உண்டாயிற்று என்று அவர் சேர்த்துக்கொள்வதை அதிபராகிய நான் குறித்துவைக்கக் கடமைப்பட்டிருக்கின்றேன். கணக்கும் வாசிப்பும் அறியாதவனைச் சிரிப்புக் கெடுத்தது என்று சொல்வோருக்கு இஃது ஒரு விடை. பிள்ளைக்கு முதலில் வேண்டியது, இவ்விடத்திலே தனக்கும் ஓர் இருக்கை உண்டு என்னும் நினைவு. ஹன்வெல்லிலே அவன் பெயர் எக்காளத்தின் பின்னே கூறப்பட்டது. இங்கே அதே பெயர் வேறு வகையாகக் கூறப்பட்டது.

ஆனால் அப்படிப்பு நீடிக்கவில்லை. எண்மர் லங்காஷயர்ப் பையன்கள் என்னும் நடனக் குழுவிலே சார்ளி சேர்க்கப்பட்டான். மரஅடிச் சப்பாத்து அணிந்து தாளத்துக்கு ஆடும் குழு அது. உணவும் தங்குமிடமும் பையனுக்கு. தாய்க்கு வாரம் இரண்டரைச் சிலிங். குழுவை நடத்திய ஜக்சன் என்பவரும் முன்னாளில் ஓர் உபாத்தியாயரே. வாரத்துக்கு ஓர் ஊர், ஓர் ஊருக்கு ஒரு பள்ளி என்று பிள்ளைகள் அலைந்தனர். அதனால் வளர்ந்த கல்வி சிறிதே.

இக்காலத்தில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை அந்த வகுப்பறைச் சிரிப்போடு சேர்த்து வைத்துப் பார்த்தல் வேண்டும். டிக்கின்ஸ் நாவலொன்றில் வரும் கிழவர் ஒருவரை மேடையிலே நடித்துக்காட்டிய புகழ்பெற்ற நடிகரைக் கண்டு, சார்ளி அதனைத் தன் தோழர்களுக்குச் செய்துகாட்டினான். தோழர்கள் மகிழ்ந்தனர். அதைக் கண்ட ஜக்சன், கண்டெடுத்தோம் ஒரு மேதையை என்று எண்ணி, மிடில்ஸ்பரோ நகரத்து அரங்கிலே பெரிய முகவுரையுடன் அவனை நிறுத்தினார். தலைக்குப் பொருந்தாத பெரிய பொய்முடி. கிழவருக்குரிய தாழ்ந்த குரல் சபையின் எவர் காதிலும் விழவில்லை. சபையோர் காலைத் தட்டி ஆர்ப்பரித்தனர். அத்துடன் அந்த முயற்சி முடிந்தது. தோழரிடை வென்ற அதே வித்தை, காசு கொடுத்து வந்த அந்நியரிடைத் தோற்றது. பக்கத்து வாங்கில் இருப்பவன் நம்மை அறிந்தவன். நாம் வாய் திறக்குமுன்னே பாதி சிரித்துவிடுகின்றவன்.

இரண்டாவது, 1900ஆம் ஆண்டு நத்தார்ப் பருவத்திலே இலண்டன் ஹிப்பொட்றோம் அரங்கில் நடந்தது. நாடகமோ மீண்டும் சிந்தரெல்லா! பள்ளியில் வேடம் மறுக்கப்பட்ட கதையிலே இம்முறை அவனுக்கு ஒரு வேடம் கிடைத்தது. பூனை வேடம். பேர்பெற்ற விகடகவி மார்சலீன் பின்னாக நடந்துவந்து பூனையின் முதுகில் இடறி விழுதல் வேண்டும். பூனை செய்யவேண்டியது அவ்வளவே. முதல் நாள், பிள்ளைகளுக்கான பகற்காட்சி. சொல்லிக்கொடுக்காத ஒன்றைப் பூனை செய்தது. மெல்லச் சென்று நாயின் பின்புறத்தை மோந்து பார்த்தது. சபையை நோக்கித் திரும்பி, கயிற்றை இழுத்து ஒரு கண்ணைச் சிமிட்டியது. பிள்ளைகள் கொல்லெனச் சிரித்தனர். அரங்க அதிகாரி பக்கத் திரைக்கு ஓடிவந்து கையை வீசினார். பூனை அவரைப் பார்க்கவில்லை. மீண்டும் மோந்தது, மேடையின் ஓரத்தையும் மோந்தது, இறுதியில், பூனைக்கு உரியதன்று, நாய்க்கே உரிய வகையில் ஒரு காலைத் தூக்கியது. அரங்கம் அதிர்ந்தது. தணிக்கை செய்யும் அரசாங்க அதிகாரி அரங்கையே மூடிவிடுவார் என்று அதிகாரி பின்னர் சீறினார்.

மிடில்ஸ்பரோவிலே பிறர் பொருளைப் பிறர் சொல்ல நடித்தான், தோற்றான். ஹிப்பொட்றோமிலே எதிரில் இருந்தவர்கள் தன் வயதொத்த பிள்ளைகள். அவனுக்கு அது இன்னுமொரு வகுப்பறை. பிரிசில்லா அம்மையாரின் பூனைக்கும் இந்தப் பூனைக்கும் உறவு உண்டென்று சப்ளின் எழுதவில்லை. இஃது என் ஊகமே.

பள்ளிக் கல்வியைப் பற்றிப் பிற்காலத்தில் அவர் எழுதியவை வேதனை தருவன. எண்களின் மாயத்தையும் தேசப்படத்தின் கதையையும் கவிதையின் இசையையும் யாரேனும் சுவைபட எடுத்துக்காட்டியிருந்தால், தாமும் ஓர் அறிஞராகியிருக்கக் கூடும் என்ற கருத்தை அவர் வெளியிடுகின்றார். அறிஞராகியிருந்தால் உலகம் இழந்திருக்கக்கூடியது எவ்வளவு என்று நாம் கேட்கலாம். அவர் கேட்டது அதுவன்று.

1931ஆம் ஆண்டு பெப்ரவரியில் ‘நகர விளக்குகள்’ என்னும் படத்தின் முதற்காட்சிக்காகச் சப்ளின் இலண்டனுக்கு வந்தார். அமைச்சரும் பிரபுக்களும் விருந்துக்கு அழைத்தனர். அவ்வாண்டு செப்ரெம்பரில் மகாத்மா காந்தியை இலண்டனின் ஏழைப்பகுதி வீடொன்றிலே சந்தித்தார். அடுத்த ஆண்டு கிழக்கு நாடுகளை நோக்கிச் சென்ற பயணத்திலே நம் இலங்கையிலும் இறங்கிக் கண்டிக்குச் சென்றார். இவற்றுக்கெல்லாம் முன்னே, இலண்டன் வந்து சேர்ந்த சில நாட்களிலேயே, ஹன்வெல் பள்ளிக்குச் சென்றார்.

உணவு மண்டபத்திலே ஏறத்தாழ நானூறு பிள்ளைகள். சப்ளின் வாயிலில் நின்று வணக்கம் செலுத்தத் தொப்பியை எடுக்கப் போனார். தொப்பி தானாகவே மேலெழும்பித் துள்ளியது. பிரம்பைச் சுழற்றினார், அது அவர் காலிலேயே பட்டது. பாதங்களை இருபுறமும் விரித்துக்கொண்டு அந்தப் பழைய நடையிலே உள்ளே வந்தார். மண்டபம் கூரை பிரியக் கூவியது.